கவசத்தின்மேல் எழுதிய குலச்சின்னம்

கொடியும் முத்திரையும் ஒரு குலத்தின் உடைமை என்பதைத் தமிழருக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. வில் என்றால் சேரர், புலி என்றால் சோழர், கயல் என்றால் பாண்டியர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அக்காலத்தில் ஒரு வணிகன், புலியின் உருவம் அழகாக இருக்கிறதே என்று கருதித் தன் சரக்கு மூட்டைகளின்மீது அதைப் பொறித்துக்கொண்டு சந்தைக்கு வந்திருந்தால், அவனைக் கலாரசிகன் என்று எவரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். ‘யாருடைய இசைவின்பேரில் பொறித்தாய்?’ என்ற கேள்வியே முதலில் எழுந்திருக்கும்.

அதே கேள்வி 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நமக்கு மிகத் தொலைவில் உள்ள கனடா நாட்டின் மேற்குக் கரையில் எழுந்தது. கேட்கப்பட்டவர் வணிகர் அல்லர். பெயர் பெற்ற விளையாட்டு வீரர். உருவம் பொறிக்கப்பட்ட இடம் மூட்டை அன்று. அவர் தலையில் அணியும் கவசம். பொறித்த கருவியோ தூரிகையும் அன்று. காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ். செய்தி சிறியதுதான். ஆயினும் அதற்குள் ஒரு மக்களினத்தின் நூற்றாண்டுத் துயரம் அடங்கிக் கிடப்பதால், அதை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும்.

முகத்துக்கு ஒரு காவல்

ஐஸ் ஹாக்கி என்பது நாம் அறிந்த ஹாக்கியினின்றும் வேறானது. உறைந்த பனிக்கட்டித் தளத்தின்மீது, எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து வழுக்கிச் சென்று ஆடும் ஆட்டம் அது. பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரால் ஆன தட்டையான வில்லை ஒன்றை மட்டையால் அடித்துச் செலுத்துகிறார்கள். அதன் எடை ஏறத்தாழ 170 கிராம். வல்லவர் அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் அது பாயும். அதன் எதிரே நின்று அதைத் தடுப்பவரே கோல் காப்பாளர்.

இவ்வளவு ஆபத்தான இடத்தில் நின்றவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் வெறும் முகத்துடனேயே நின்றார்கள் என்றால் வியப்பாக இருக்கும். 1959-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க் நகரில் நடந்த ஆட்டத்தில், மாண்ட்ரியல் அணியின் காப்பாளரான ஜாக் பிளான்ட் என்பவரின் முகத்தில் வில்லை தாக்கிக் காயம் உண்டாயிற்று. தையல் போட்டுக்கொண்டு திரும்பிய அவர், கண்ணாடி இழையால் செய்த முகமூடியை அணிந்துகொண்டே மீண்டும் களத்தில் இறங்கினார். அன்று முதல் முகமூடி பரவத் தொடங்கிற்று. பின்னர் பாஸ்டன் அணியின் ஜெர்ரி சீவர்ஸ் என்ற காப்பாளர், வில்லை வந்து மோதிய இடங்களிலெல்லாம் முகமூடியின்மீது தையல் அடையாளங்களை வரையச் செய்தார். கவசம் இல்லாதிருந்தால் முகம் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கோடுகளே சொல்லின. வேடிக்கையாகத் தொடங்கிய அவ்வழக்கம் நாளடைவில் ஒரு கலையாக வளர்ந்தது. அணியின் மற்ற வீரர் அனைவரும் ஒரே நிற உடை உடுத்தும்போது, கோல் காப்பாளரின் கவசம் மட்டும் அவரவர் விருப்பப்படி தீட்டப்பெறும் தனிச் சித்திரமாயிற்று.

காற்றே தூரிகை

அச்சித்திரங்கள் பெரும்பாலும் ஏர்பிரஷ் கொண்டே தீட்டப்படுகின்றன. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். எழுதுகோலைப் போலக் கைக்குள் அடங்கும் இக்கருவி, நெடுங்காலம் புகைப்படங்களைத் திருத்தி மெருகேற்றவும் பயன்பட்டு வந்தது. அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியே வந்து நுண்ணிய மூக்கின் வாயிலில் பாயும்பொழுது, அங்குள்ள வண்ணத்தை இழுத்து மூடுபனி போன்ற துளிகளாகச் சிதறச் செய்கிறது. மூக்கினுள் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். இவ்விரண்டையும் ஒரே விரலால் ஆளப் பழகுவதுதான் இத்தொழிலின் பாலபாடம்.

கவசத்தில் வேலை தொடங்குமுன் அதன் கம்பி வலையையும் உள்மெத்தையையும் கழற்றிவிடுவார்கள். பழைய பளபளப்பு அடங்கும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூசியும் எண்ணெய்ப் பசையும் இல்லாமல் துடைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் அடிவண்ணம் பூசுவார்கள். பிறகு படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒட்டுத்தாளை ஒட்டி, கூரிய கத்தியால் வெட்டி, வண்ணம் விழ வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டுத் தெளிப்பார்கள். ஒரு நிறம் காய்ந்த பின்னரே அடுத்த நிறம். இறுதியில் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டைப் பலமுறை அடித்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இந்த மேற்பூச்சில் கலக்கும் இறுக்கும் திரவம் மூச்சுக்குழலுக்குத் தீங்கு செய்வதாகையால், தகுந்த மூச்சுக்கவசமும் காற்றோட்டமும் இன்றி அதைக் கையாளுதல் கூடாது. கவச ஓட்டின் தன்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். சிலவகைப் பிளாஸ்டிக் ஓடுகள் வண்ணத்தில் உள்ள கரைப்பான் பட்டால் வலுவிழக்கும். இருசக்கர வாகனக் கவசத்திலோ கிரிக்கெட் கவசத்திலோ படம் தீட்டிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள், முதலில் அதைச் செய்தவர் தந்த குறிப்பைப் படிப்பது நலம். அழகுக்காக உயிர்க்காவலை விட்டுவிடலாகாது.

இத்தனை பொறுமையும் திறமையும் வேண்டிய கலை இது. ஆகவே, மேற்கூறிய கவசத்தைத் தீட்டியவரின் கைத்திறனில் எவரும் குறை காணவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

நடந்தது என்ன?

பிரேடன் ஹோல்ட்பி என்ற கோல் காப்பாளர் 2018-இல் வாஷிங்டன் அணியில் ஆடி ஸ்டான்லி கோப்பையை வென்றவர். 2020-இல் அவர் வான்கூவர் அணியில் சேர்ந்தார். புதிய ஊருக்கு வருகிறோமே, அவ்வூரின் மண்ணுக்குரிய கலையைத் தலையில் தாங்கி மரியாதை செய்வோம் என்பது அவருடைய நோக்கம். கவச ஓவியத்தில் பெயர் பெற்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஒருவர், வடமேற்குக் கரையின் பூர்வகுடி மக்களுடைய பாணியில் அதைத் தீட்டிக் கொடுத்தார். படம் வெளியானதும், அம்மக்களிடமிருந்து பாராட்டுக்குப் பதிலாக வருத்தமும் கண்டனமும் வந்தன. எங்களைக் கேளாமலும், எங்கள் ஓவியர் ஒருவருக்கேனும் அவ்வேலையைத் தாராமலும், எங்கள் சின்னங்களை எடுத்துக்கொள்வது எவ்வாறு மரியாதையாகும் என்று அவர்கள் வினவினார்கள்.

ஹோல்ட்பி வாதாடவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்; அந்தக் கவசத்தை அணிவதில்லை என்றும் அறிவித்தார். அதன்பின் ஸ்டூமினஸ் குடியைச் சேர்ந்த மரச்சிற்பியும் ஓவியருமான லூக் மார்ஸ்டன் என்பவருடன் கலந்து, அவருடைய வரைவைக் கொண்டு புதிய கவசம் அமைத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். கலை உலகுக்குப் பொதுவன்றோ? நல்லெண்ணத்துடன் செய்ததில் பிழை ஏது? நியாயமான கேள்விகளே. விடை காண, அந்த ஓவியத்தின் இயல்பையும் அம்மக்களின் வரலாற்றையும் சிறிது நோக்க வேண்டும்.

கோட்டுக்கும் ஊர் உண்டு

அக்கரையில் வாழ்வோர் ஒரே இனத்தவர் அல்லர். வடக்கே ஹைடா, டிலிங்கிட், சிம்ஷியன் முதலியோர். நடுவே குவாகுவாகவாக் முதலியோர். தெற்கே கோஸ்ட் சாலிஷ் மக்கள். வான்கூவர் நகரம் எழுந்துள்ள நிலம் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத் என்னும் மூன்று சாலிஷ் குடிகளுக்கு உரியது.

வடக்கத்தியர் ஓவியத்தில், தடித்தும் மெலிந்தும் அறுபடாமல் ஓடும் ஒரு கருங்கோடே உயிர்நாடி. உருவத்தின் கண்ணும் மூட்டும் முட்டையைச் சற்றே சதுரமாக்கினாற்போன்ற வடிவில் அமையும். முதற்கோடு பெரும்பாலும் கறுப்பு, அடுத்தது சிவப்பு, அதற்கும் அடுத்தது நீலப் பச்சை. 1965-ஆம் ஆண்டில் பில் ஹோம் என்ற அறிஞர் தம் நூலில் இதன் இலக்கணத்தை வகுத்துக் காட்டி, அக்கோட்டுக்கு ஃபார்ம்லைன் என்று பெயரிட்டார். சாலிஷ் மரபோ வேறு. வட்டம், பிறை, மும்முனை வடிவம் ஆகியவற்றைச் செதுக்கி எடுப்பது போல அமைவது அது. கம்பளி நூற்ற தக்களி வட்டுகளின்மீது அம்மக்கள் அவ்வுருவங்களைச் செதுக்கி வந்தார்கள். மஸ்குவியம் குடியின் சூசன் பாயின்ட் என்னும் கலைஞர் அதே மரபில் படைத்த மாபெரும் தக்களி வட்டு வான்கூவர் விமான நிலையத்தை இன்றும் அணிசெய்கிறது. ஆகவே, ‘பூர்வகுடிப் பாணி’ என்று பொதுவாகச் சொல்லி எதையோ தீட்டுவது, நம் நாட்டில் ‘இந்திய மொழி’ என்று ஒன்று இருப்பதாக எண்ணுவதைப் போன்றதே ஆகும்.

தொழில் நோக்கிலும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏர்பிரஷின் தனிச்சிறப்பு, ஒளியிலிருந்து நிழலுக்கு விளிம்பு தெரியாமல் கரைந்து செல்லும் மென்மை. ஃபார்ம்லைனின் சிறப்போ, விளிம்பு தெளிந்த கோடு. மென்மையான நிழலைக் கூட்டிக் கோட்டைக் குழைத்தால் இலக்கணம் கெடும். உருண்டையான ஓட்டின்மீது தட்டையான படத்தை அப்படியே ஏற்றினாலும் கண்ணும் மூட்டும் கோணிவிடும். அம்மரபில் பயின்றவருக்கு இது புதிய சிக்கல் அன்று. ஒரே பலகையை ஆவியில் வேகவைத்து நான்கு புறமும் வளைத்துச் செய்த பெட்டிகளின்மீதும், மரவேரால் பின்னிய கூம்புத் தொப்பிகளின்மீதும் அவர்கள் முன்னோர் உருவங்களைச் சுற்றி எழுதியிருக்கிறார்கள். சால்மன் மீனின் முட்டையை மென்று பசையாக்கி அதில் வண்ணம் குழைத்தவர்கள் அவர்கள். இன்று ஏர்பிரஷைக் கொடுத்தாலும் எந்த இடத்தில் கோடு தடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தலைக்கவசத்தில் சின்னம் பொறிப்பதும் அவர்களுக்குப் புதிதன்று. 1804-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் சிட்கா என்னுமிடத்தில் ரஷ்யரை எதிர்த்துப் போரிட்ட டிலிங்கிட் வீரர் கட்லியான், அண்டங்காக்கை வடிவில் செய்த மரக்கவசம் அணிந்து களம் புகுந்தார். அக்கவசம் இன்னும் சிட்கா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கவசம் அவர் பிறந்த கிக்ஸாடி குலத்தின் பெருமை. பிற குலத்தார் அதை அணிய வேண்டுமென்று கனவிலும் கருதார். கரை மக்களிடையே ஓர் உருவம், அதைச் சார்ந்த கதை, அக்கதைக்குரிய பாட்டு, ஆட்டம் ஆகிய அனைத்தும் குடும்பச் சொத்து. பிறப்பாலோ மணவுறவாலோ ஊரார் சாட்சியாகப் பெற்றாலன்றி அவற்றைப் பயன்படுத்தும் உரிமை எவருக்கும் கிட்டாது.

உடையவருக்கே தடை

அந்த உரிமையை ஊரறியச் செய்யும் விழாவே பாட்லாச். பெயர் சூட்டல், திருமணம், இறந்தோர் நினைவு ஆகிய காலங்களில் குலத் தலைவர் சுற்றத்தாரை அழைத்து, குலச்சின்னங்களைக் காட்டி, கதைகளை ஆடிக் காட்டி, வந்தோர்க்கெல்லாம் பொருளை வாரி வழங்குவார். பெற்றவர்களே சாட்சிகள். எழுத்தில் பதியாத அம்மக்களுக்கு அவ்விழாவே பத்திரப் பதிவு அலுவலகம்.

கனடா அரசு இயற்றிய சட்டமொன்று 1885-ஆம் ஆண்டு முதல் அவ்விழாவைக் குற்றமாக்கிற்று. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்ற தலைவர் நடத்திய பெரும் பாட்லாச்சை அதிகாரிகள் கண்டுபிடித்து வழக்குத் தொடர்ந்தனர். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஆட்ட உடைகளையும் ஒப்படைத்தால் தண்டனை தளரும் என்றனர். பலர் ஒப்படைத்தனர், பலர் சிறை சென்றனர். பரம்பரைப் பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒரு பகுதி நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டில்தான் அத்தடை சட்டத்திலிருந்து நீங்கிற்று.

நீண்ட முறையீட்டின் பயனாகப் பல பொருள்கள் ஊர் திரும்பின. அவற்றை வைப்பதற்கென 1980-இல் அலர்ட் பே என்ற ஊரில் எழுந்த நிலையத்துக்கு உமிஸ்டா என்று பெயர். பகைவரால் சிறைபிடிக்கப்பட்டவர் வீடு திரும்பினால் அவருக்கு உமிஸ்டா வாய்த்தது என்பது அவர்கள் வழக்கு. பொருளையும் வழிதவறிய பிள்ளையைப் போலக் கருதி வரவேற்ற பெயர் அது.

இப்பொழுது அந்தக் கவசத்தைப் பாருங்கள். தன் பாட்டனார் எந்த உருவத்தைக் காட்டியதற்காகச் சிறை சென்றாரோ, அதைப் போன்ற உருவத்தை, அயலார் ஒருவர் கேளாமலே தீட்ட, அயலார் ஒருவர் அணிந்து ஆட, கூட்டம் கைதட்டுகிறது. உடையவனுக்குக் குற்றமாயிருந்தது பிறனுக்கு அலங்காரமாயிற்று. இதைக் காணும் பேரனின் நெஞ்சம் எப்படியிருக்கும்? ‘கலை பொதுவன்றோ’ என்று அவனிடம் சொல்ல நா எழுமா?

அவன் அரங்கத்துக்கு வெளியே நிற்பவனும் அல்லன். மாண்ட்ரியல் அணியின் புகழ்மிக்க கோல் காப்பாளராக இருந்த கேரி பிரைஸ் உல்காட்சோ என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் அக்குடியின் தலைவராக இருந்தவர். சிற்றூரில் வளர்ந்த மகனை 320 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆடுதளத்துக்குத் தந்தையார் சிறு விமானத்தில் அழைத்துச் சென்று பழக்கினார். 2015-இல் தேசிய ஹாக்கி லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற பரிசைப் பெற்ற மேடையில், பூர்வகுடிப் பிள்ளைகளைத் தம் கனவுகளைக் கைவிடாதிருக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அக்கலைக்கு உடையவர்கள் ஆட்டக்காரராகவும் பார்வையாளராகவும் அதே அரங்கில் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது.

கேட்டுச் செய்தால் கெடுவது என்ன?

கேட்டுச் செய்ததற்கும் சான்றுகள் உண்டு. 2010-இல் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, பதக்கங்களுக்கான ஓவியத்தைக் கோரின் ஹன்ட் என்னும் பூர்வகுடிக் கலைஞரே வரைந்தார். கொலைகாரத் திமிங்கிலம் ஒன்றைப் பெரிய ஓவியமாக எழுதி, அதன் வெவ்வேறு பகுதியை ஒவ்வொரு பதக்கத்திலும் பதித்தார்கள். ஆகவே ஒரு பதக்கத்தைப் போல இன்னொன்று இல்லை. வென்றவர்கள் அத்தனை பேரும் ஒரே உருவத்தின் பங்காளிகள் ஆனார்கள். உள்ளிருந்து வந்த கலைஞருக்கன்றி இப்படியொரு கருத்து எளிதில் தோன்றாது.

ஆயினும், கலைஞர் இசைந்தாலும் அதிகாரம் இசையாத வேளைகளும் உண்டு. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், பூர்வகுடி மரபைப் போற்றும் இரவாக மின்னசோட்டா அணி ஓர் ஆட்டத்தை நடத்தியது. அதற்கென, டகோடா இனத்து ஓவியர் கோல் ரெட்ஹார்ஸ் டெய்லர் வரைந்த கவசத்தை அணியக் கோல் காப்பாளர் மார்க்-ஆந்த்ரே ஃபிளூரி விரும்பினார். அவருடைய மனைவியார் பூர்வகுடி வழி வந்தவர். சிறப்பு நாள்களுக்கென்று தனி உடையோ கவசமோ அணியலாகாது என்ற லீகின் விதி குறுக்கே நின்றது. அபராத எச்சரிக்கையும் வந்ததாகச் செய்தி பரவிற்று. இருந்தும், ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியின்போது அவர் அதை அணிந்தே பனித்தளத்தில் இறங்கினார். பின்னர் அக்கவசம் அறப்பணிக்காக ஏலம் விடப்பட்டது. ஹோல்ட்பியின் கவசத்தைத் தடுத்தவர்கள் கலைக்குரிய மக்கள். ஃபிளூரியின் கவசத்தைத் தடுத்தது ஒரு சுற்றறிக்கை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ‘எதைத் தீட்டினாலும் வம்புதான்’ என்று சலித்துக்கொள்வது சரியன்று. முன்னதில் உரியவரைக் கேட்கவில்லை. பின்னதில் உரியவரே வரைந்து கொடுத்தார்.

ஆகவே பிறர் கலையைத் தொடவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. கற்கலாம், வியக்கலாம், விலை கொடுத்து வாங்கலாம். தம் பெயரில் பயன்படுத்த விரும்பினால் மட்டும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது எந்தக் குடியினுடையது? இதன் பொருள் என்ன? இந்த இடத்தில் இதை வைக்க அவர்கள் இசைவார்களா? கூலியும் பெயரும் யாருக்குப் போகின்றன? இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் செலவில்லை. ஒரு கடிதமும் சிறிது பொறுமையும் போதும்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு இக்கேள்விகள் தொலைதூரச் செய்தி அல்ல. மராட்டிய நாட்டில் வார்லிப் பெண்கள் திருமண வீட்டுச் சுவரில் அரிசிமாவால் எழுதிவந்த சித்திரங்கள் இன்று கோப்பையிலும் திரைச்சீலையிலும் வந்துவிட்டன. 2014-இல் வார்லி ஓவியத்துக்கும், அதற்கு முந்திய ஆண்டில் நம் நீலகிரித் தோடர்களின் பூவேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கோ சங்க மண்டபத்துக்கோ அவ்வுருவங்களை எழுத நேர்ந்தால், அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதாமல், அக்கலைஞர் ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்து எழுதச் சொல்லலாம். அருகில் அமர்ந்து நம் குழந்தைகள் கற்கலாம். நாம் வாசலில் இடும் கோலத்தை யாரேனும் ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்டால் நமக்கு எத்துணை மகிழ்ச்சி! அந்த மகிழ்ச்சியைப் பிறருக்கும் அளிக்க நாமும் கேட்கப் பழகுவோமாக.